சிரங்கு: தனி பெஞ்சும் ஒரே பாயும்

நாலாம் வகுப்பில் ஒரு மாதத்துக்கு மேல் நான் தனி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மார்க் எடுத்ததற்கான மரியாதை இல்லை, சிரங்கு. விரல் இடுக்கில் ஆரம்பித்து, மணிக்கட்டு, அக்குள், இடுப்பில் அரைஞாண் கயிறு கிடக்கிற இடம் என்று பரவியது. பகலில் பரவாயில்லை. ராத்திரி படுத்ததும் ஆரம்பிக்கும் பாருங்க, தோலை உரித்துப் போட்டுவிடலாம் போல இருக்கும்.

டீச்சர் கெட்டவர் இல்லை. மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டிவிடக் கூடாது என்று கடைசியில், ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னார். ஆனால் பையன்களுக்கு அது போதும். "ஏல, அவனத் தொடாத, சொறி ஒட்டிக்கிரும்" என்று ஒருத்தன் சொல்ல, அந்த வருஷம் முழுக்க என் பெயரே அதுதான். சிரங்கு ஆறியது, பெயர் ஆறவில்லை.

வீட்டில் எல்லா வைத்தியமும் நடந்தது. ஆச்சி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். "கடத்தண்ணில முங்கி எந்திச்சா எல்லாம் போயிரும்" என்று தாத்தா சொன்னதால் ஞாயிற்றுக்கிழமைதோறும் கடல் குளியல். புண்ணில் உப்புத் தண்ணீர் பட்டால் எப்படி இருக்கும் என்று தூத்துக்குடிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் கேட்டால் தெரியும். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டிலில் வெள்ளையாக மருந்து கொடுத்தார்கள். பூசியதும் தீயாய் எரிந்தது. பத்து நாளில் குறைந்தது. ஒரு மாதத்தில் திரும்ப வந்தது. மறுபடி மருந்து, மறுபடி சிரங்கு.

"இவன் சுத்தமா இருக்க மாட்டேங்கான்" என்பது வீட்டின் தீர்ப்பு. ரொம்ப நாள் நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். போன வருஷம் வேறு எதையோ தேடப் போய், சிரங்கின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அந்தத் தீர்ப்பு தப்பு என்று தெரிந்தது. என் விஷயத்தில் மட்டுமில்லை. சுமார் முந்நூறு வருஷமாக உலகம் இந்த நோய் விஷயத்தில் திரும்பத் திரும்பச் செய்கிற தப்பு அது. அதைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன்.

பூச்சி என்ன செய்கிறது?

முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம். சிரங்கு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல தோல் நோய்கள் அடங்கும். இங்கே நான் சொல்வது ஸ்கேபிஸ், அதாவது ஒட்டிக்கொண்டு பரவுகிற அரிப்புச் சிரங்கு. காரணம் ஒரு உண்ணி, பெயர் சார்கோப்டெஸ் ஸ்கேபியை. எட்டுக்கால், சிலந்தியின் தூரத்துச் சொந்தம். பெண் பூச்சி அரை மில்லிமீட்டர்கூட வராது. கூர்ந்த கண்ணுக்கு ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான்.

இந்தப் பெண் பூச்சி தோலின் மேல் அடுக்கில் ஒரு சின்னச் சுரங்கம் தோண்டி, போகிற வழியெல்லாம் தினமும் இரண்டு மூன்று முட்டை இடும். மூன்று நான்கு நாளில் முட்டை பொரியும். ஒன்றிரண்டு மாதம் அதன் ஆயுள். மனித உடம்பை விட்டு வெளியே வந்தால் இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும்.

இதில் முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. அரிப்பு வருவது பூச்சி கடிப்பதால் இல்லை. பூச்சிக்கும் அதன் முட்டைக்கும் கழிவுக்கும் எதிராக நம் உடம்பு காட்டுகிற ஒவ்வாமை அது. முதல் தடவை வரும்போது அந்த ஒவ்வாமை உருவாக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஆக, அந்த ஒரு மாதமும் உடம்பில் பூச்சி இருக்கும், அரிப்பு இருக்காது, ஆனால் அடுத்தவருக்கு ஒட்டும். இரண்டாம் தடவை வந்தால் ஒரே நாளில் அரிக்க ஆரம்பித்துவிடும். இந்த ஒரு மாத மௌனத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத்தான் திரும்பி வரப் போகிறோம்.

பவளத் துறைமுகத்தில் ஒரு கடிதம்

இந்தப் பூச்சிதான் காரணம் என்று முதலில் தெளிவாக எழுதி வைத்தது நம்ம ஊர் மாதிரி ஒரு துறைமுகத்தில்தான். இத்தாலியின் லிவோர்னோ. நமக்கு முத்து எப்படியோ, அவர்களுக்குப் பவளம் அப்படி. மத்தியதரைக் கடலில் எடுத்த சிவப்புப் பவளம் லிவோர்னோ வியாபாரிகள் கை வழியாகத்தான் பெருமளவு இந்தியாவுக்கு வந்தது.

அந்த ஊரில் ஜியோவான்னி கோசிமோ பொனோமோ என்று ஒரு இளம் மருத்துவரும், டியாசிந்தோ செஸ்தோனி என்று மருந்துக்கடைக்காரர் ஒருவரும் இருந்தார்கள். 1687 ஜூலையில் பொனோமோ, அந்தக் காலத்தின் பெரிய இயற்கை விஞ்ஞானியான ஃபிரான்செஸ்கோ ரெடிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் தான் எப்படி இதைக் கண்டுபிடித்தோம் என்பதை மறைக்காமல் சொல்கிறார். சிரங்கு பிடித்த பிள்ளைகளின் கையிலிருந்து ஏழைத் தாய்மார் ஊசி முனையால் எதையோ எடுத்து நசுக்குவதைப் பார்த்திருக்கிறார்கள். துறைமுகச் சிறையில் இருந்த அடிமைகளும் ஒருவருக்கொருவர் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். அப்படி எடுத்த புள்ளியை மைக்ரோஸ்கோப் கீழ் வைத்தபோது, ஆமை மாதிரி ஒரு உயிர் நடந்தது. அது முட்டை இடுவதையும் பார்த்தார்கள்.

இதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு எளிமையானது. நோய் வெளியே தோலில் இருக்கிறது. உள்ளுக்கு மருந்து குடித்துப் பயனில்லை. பூச்சியைக் கொல்கிற பூச்சு மருந்து போதும்.

இன்றைக்கு இது ரொம்பச் சாதாரணமாகத் தெரியும். அன்றைக்கு அப்படி இல்லை. உடம்பில் ஓடுகிற நாலு திரவங்கள் கெட்டுப்போவதால்தான் எல்லா நோயும் வருகிறது என்பது அப்போதைய ஐரோப்பிய மருத்துவத்தின் அடித்தளம். நம்ம ஊரில் 'ரத்தம் கெட்டுப்போச்சு, சூடு' என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதே கதை. ஒரு கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒரு முழு நோய்க்குக் காரணம் என்றால் அந்த அடித்தளம் ஆடிப்போகும். போப்பாண்டவரின் மருத்துவரான லான்சிசி இதை ஏற்கவில்லை. பொனோமோ அதோடு வாயை மூடிக்கொண்டார். 1703இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அந்தக் கடிதத்தின் சாரம் ஆங்கிலத்தில் வந்தது. அப்படியும் மருத்துவர்கள் நம்பவில்லை.

எந்த அளவுக்கு என்றால், 1812இல் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் காலே என்பவர் 'நான் பூச்சியைக் கண்டுபிடித்துவிட்டேன்' என்று படம் போட்டுக் காட்டினார். வேறு யாராலும் அதே பூச்சியை எடுக்க முடியவில்லை. பிறகு பார்த்தால், அவர் படத்தில் இருந்தது பாலாடைக்கட்டியில் வருகிற வேறொரு பூச்சி! அந்த மோசடி வெளியானதும், சிரங்குப் பூச்சி என்பதே கட்டுக்கதை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

1834 ஆகஸ்டில் இதை முடித்து வைத்தது ஒரு மாணவர். பெயர் ரெனுச்சி, கோர்சிகா தீவுக்காரர். பெரிய மருத்துவர்கள் எல்லாம் நீர் கோத்த கொப்புளத்துக்குள் பூச்சியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அங்கே அது இருக்காது. சுரங்கத்தின் கடைசி முனையில்தான் உட்கார்ந்திருக்கும். ரெனுச்சி எல்லார் முன்னாலும் ஊசியை எடுத்து, சரியான இடத்தில் குத்தி, பூச்சியை வெளியே எடுத்துக் காட்டினார். இதை எங்கே கற்றாய் என்றால், ஊரில் கிராமத்துப் பெண்கள் இப்படித்தான் எடுப்பார்கள், பார்த்திருக்கிறேன் என்றார்.

1687இலிருந்து 1834 வரை 147 வருஷம். லிவோர்னோவின் தாய்மாருக்கும் கோர்சிகாவின் கிராமத்துப் பெண்களுக்கும் கையோடு தெரிந்த விஷயம், படித்தவர்களின் புத்தகத்துக்குள் நுழைய அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. சொன்னவர்கள் ஏழைகளும் கைதிகளும் பெண்களும் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கம்பளிக்குள் யார்?

சரி, பூச்சிதான் காரணம் என்று தெரிந்தாயிற்று. எப்படிப் பரவுகிறது? எல்லாரும் சொன்ன பதில்: அழுக்குத் துணி, அழுக்குப் போர்வை, அழுக்கு ஆள்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் சிரங்கு பெரிய தொல்லையாகிவிட்டது. ராணுவ வீரர்களின் கம்பளிகளையும் உடைகளையும் வெப்ப அறைகளில் போட்டுச் சுத்தம் செய்ய நிறையப் பணமும் ஆளும் செலவாகிக்கொண்டிருந்தது. கென்னத் மெல்லன்பி என்ற பூச்சியியலாளர், உண்மையிலேயே கம்பளியால்தான் பரவுகிறதா என்று பார்த்துவிடலாம் என்று 1941இல் ஷெஃபீல்டு நகரில் ஒரு வீட்டை எடுத்தார். மனசாட்சி காரணமாகப் போருக்குப் போக மறுத்த இளைஞர்கள் சிலர் தாங்களாகவே முன்வந்தார்கள்.

சிரங்கு வந்த வீரர்கள் அப்போதுதான் கழற்றிய உள்ளாடைகளை, துவைக்காமல், இவர்கள் போட்டுக்கொண்டார்கள். அந்த வீரர்கள் படுத்திருந்த கம்பளிகளுக்குள் இரவு முழுக்க நிர்வாணமாகப் படுத்துப் பார்த்தார்கள். இப்படி 63 சோதனைகள். ஒட்டியது இரண்டே பேருக்கு. அதன் பிறகு, சிரங்கு உள்ள ஒருவரோடு ஒரே படுக்கையில் படுக்க வைத்தார்கள். ஒட்டிக்கொண்டது.

இன்னொன்றும் செய்தார். 886 நோயாளிகளின் உடம்பில் இருந்த பெண் பூச்சிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். சராசரி ஒரு ஆளுக்குப் பதினொன்று. நூறில்லை, ஆயிரமில்லை, பதினொன்று! இத்தனை குறைவான பூச்சியில் எத்தனை துணிக்குப் போகும், எத்தனை கதவுக் கைப்பிடிக்குப் போகும்? அதுவும் பாதிக்கு மேல் கையிலும் மணிக்கட்டிலும்தான். தோலோடு தோல், கொஞ்ச நேரம் சேர்ந்து இருந்தால்தான் அது வண்டி மாறும். கைகோத்து நடக்கிறது, மடியில் தூங்கப் போடுகிறது, ஒரே பாயில் படுக்கிறது. அன்பு போகிற வழியில்தான் இதுவும் போகிறது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தெருவில் இருந்த ஒரு பெரியம்மாவின் ஞாபகம் வந்தது. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையின் மலைநாட்டிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர். அந்த 1964 ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் லயத்தில் வளர்ந்த கதையை அவர் அடிக்கடி சொல்வார். "பத்தடிக்குப் பன்னெண்டடி ஒரு காம்பரா. அதுல ஒம்போது பேரு. குளிருன்னா உங்க ஊருக் குளிரா அது? ஒரு கம்பளிக்குள்ள நாலு பிள்ளைக. ஒருத்தனுக்குச் செரங்குன்னா நாலு பேருக்கும் செரங்குதான்."

பாருங்கள், மெல்லன்பி வீடு எடுத்துச் சோதித்ததை அவர் வாழ்ந்தே தெரிந்துவைத்திருக்கிறார். கம்பளியில் குற்றமில்லை. அதற்குள் நாலு பேர் நெருக்கிப் படுக்க வேண்டியிருந்ததில்தான் குற்றம்.

அந்த மலைக்குப் போகிற வழியில் எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் ஓடிய காலத்தில், தோட்டத்துக்குப் போகிற தொழிலாளர்களை ஊருக்கு வெளியே தட்டப்பாறை முகாமில் தங்க வைத்துத்தான் கப்பல் ஏற்றினார்கள். இன்றைக்கு மணியாச்சியிலிருந்து வருகிறபோது ஒரு சின்ன ஸ்டேஷனாகக் கடந்து போகிறோமே, அதே தட்டப்பாறை. பிளேக்கும் காலராவும் கடல் தாண்டிவிடக் கூடாது என்ற பயம். 1914இல் தனுஷ்கோடி வரை ரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் வந்த பிறகு அந்த வேலை மண்டபம் முகாமுக்கு மாறியது. சிரங்கு கப்பலை நிறுத்துகிற நோய் இல்லை. உயிரை உடனே வாங்காது, வேலையை நிறுத்தாது, தோட்டத்துக்கு நஷ்டம் வைக்காது. அதனால் அது யாருக்கும் அவசரமாகத் தெரிந்ததில்லை. குழந்தைகள் ராத்திரி தூங்காதது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராதே.

உயிரை வாங்காது என்று சொன்னதில் ஒரு திருத்தமும் வேண்டும். சொறிந்து சொறிந்து புண்ணாகி, அதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்கிற கிருமி சேர்ந்தால் சீழ் வைக்கும். சில குழந்தைகளுக்கு அதன் தொடர்ச்சியாகச் சிறுநீரகம் வீங்கும். முகம் உப்பி, சிறுநீர் கறுத்து ஆஸ்பத்திரிக்கு வருகிற பிள்ளையின் கதை, சில சமயம் சிரங்கில்தான் ஆரம்பித்திருக்கும்.

அப்படியானால் குளிக்கவே வேண்டாமா என்று கேட்பீர்கள். குளிக்க வேண்டும். புண்ணில் சீழ் பிடிக்காமல் இருக்கச் சோப்பும் தண்ணீரும் உதவும். ஆனால் தோலுக்குள் சுரங்கத்தில் இருக்கிற பூச்சி குளிப்பதால் போகாது. தினம் இரண்டு வேளை குளிக்கிற வீட்டிலும் வரும். பணக்காரர் வீட்டிலும் வரும். ஏழை வீட்டில் அதிகம் வருவதற்குக் காரணம், ஒரு அறையில் படுக்கிறவர்களின் எண்ணிக்கை. பஞ்சமும் இடப்பெயர்வும் வந்தால் அது கூடும். 2015இல் எத்தியோப்பியாவில் பெரிய வறட்சி வந்தபோது, அம்ஹாரா மலைப்பகுதிக் கிராமங்களில் சிரங்கு லட்சக்கணக்கானவர்களிடம் பரவியது. உலகம் முழுவதும் எந்த நேரத்தில் எண்ணினாலும் 20 கோடிப் பேருக்குச் சிரங்கு இருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 2017இல்தான் அந்த நிறுவனம் இதைப் 'புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்' பட்டியலில் சேர்த்தது. பொனோமோ கடிதத்திலிருந்து எண்ணினால் 330 வருஷம்!

கந்தகம் முதல் மாத்திரை வரை

மருந்து இல்லாததால் இது நீடிக்கவில்லை. மருந்து எப்போதுமே இருந்தது. கந்தகம் இருக்கிறதே, உலகத்தில் பல நாட்டு வைத்தியங்களிலும் சிரங்குக்கு அதுதான் பழைய மருந்து. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் புழங்குகிற கோவில்பட்டி, சிவகாசிப் பக்கம் கந்தகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வாடை சகிக்காது, துணி கெட்டுப்போகும், ஆனால் வேலை செய்யும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் இன்றைக்கும் மருத்துவர்கள் கந்தகக் களிம்பு கொடுப்பதுண்டு.

என்னை எரித்த அந்த வெள்ளை மருந்து அநேகமாக பென்சைல் பென்சோயேட்டாக இருக்கும். மெல்லன்பி ஷெஃபீல்டில் சோதித்து நல்லது என்று சொன்ன மருந்துகளில் அதுவும் ஒன்று. அதற்குப் பிறகு காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு என்ற பூச்சிக்கொல்லி ரொம்ப நாள் புழங்கியது. நரம்பைப் பாதிக்கும் என்பதால் அதை ஒதுக்கினார்கள். இப்போது பெர்மெத்ரின் களிம்பு.

ஆச்சியின் வேப்பிலை மஞ்சளுக்கும் ஒரு ஆய்வு இருக்கிறது என்பதைப் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது. 1992இல் வெளியானது. வேம்பும் மஞ்சளும் அரைத்த விழுதை 814 பேருக்குப் பூசிப் பார்த்து, 3 முதல் 15 நாளுக்குள் 97 சதவீதம் பேருக்குக் குணமானது என்று எழுதியிருக்கிறார்கள். இது முன்னோட்ட ஆய்வுதான் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு 'எல்லாம் நம்ம முன்னோர்கள் அப்பவே' என்று கிளம்பிவிட வேண்டாம். ஆச்சி முட்டாள் இல்லை என்று சொல்ல இது போதும், எனக்கு அது போதும்.

பிறகு வந்தது ஐவர்மெக்டின் என்கிற மாத்திரை. ஜப்பானில் சதோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிர் தந்த மருந்து. அவரும் வில்லியம் கேம்பெலும் 2015 மருத்துவ நோபல் பரிசில் பாதியைப் பகிர்ந்துகொண்டார்கள். அதே 2015இல் ஃபிஜித் தீவுகளில் நடந்த ஒரு பெரிய சோதனையின் முடிவு வெளிவந்தது. சில தீவுகளில் சிரங்கு வந்தவர்களுக்கும் அவர்களோடு பழகியவர்களுக்கும் மட்டும் வழக்கப்படி மருந்து. சில தீவுகளில் நோய் இருக்கிறதோ இல்லையோ எல்லாருக்கும் பெர்மெத்ரின். சில தீவுகளில் எல்லாருக்கும் ஐவர்மெக்டின். மாத்திரை கொடுத்த தீவுகளில் 32.1 சதவீதமாக இருந்த சிரங்கு ஒரு வருஷத்தில் 1.9 சதவீதமாகக் குறைந்தது. வழக்கமான சிகிச்சை நடந்த தீவுகளில் ஒரு வருஷம் கழித்தும் ஆறில் ஒருவருக்கு மேல் சிரங்கு இருந்தது.

மாத்திரையின் மகிமை ஒரு பக்கம். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது 'எல்லாருக்கும்' என்கிற வார்த்தை. ஃபிஜிக்கு முன்னாலேயே பனாமா நாட்டின் குனா பழங்குடித் தீவு ஒன்றில் களிம்பை வைத்தே இதைச் செய்து காட்டியிருந்தார்கள். மூன்றில் ஒருவருக்கு இருந்த சிரங்கு, தீவில் எல்லாருக்கும் சேர்த்து மருந்து போட்டதும் நூற்றில் ஒன்றுக்கும் கீழே போனது. மருந்து வருவது தடைப்பட்டதும் திரும்பவும் ஏறியது. ஒருவரை ஒருவர் விலக்கி வைத்து எந்தத் தீவிலும் சிரங்கு ஒழிந்ததாக நான் படிக்கவில்லை. எல்லாரையும் சேர்த்து உட்கார வைத்த இடத்தில்தான் ஒழிந்திருக்கிறது.

ஒரு ராத்திரி

இப்போது என் சிரங்குக்கு வருகிறேன். அந்த ஒரு மாத மௌனம் என்று சொன்னேனே, அதை என் வீட்டில் வைத்துப் பாருங்கள். எனக்கு அரிக்க ஆரம்பித்தபோது, என் பக்கத்தில் படுத்திருந்தவர்களுக்கு ஏற்கெனவே பூச்சி போயிருக்கும். அவர்களுக்கு அரிக்காது, மருந்தும் போட மாட்டார்கள். நான் மருந்து பூசிச் சுத்தமாகிவிடுவேன். அப்புறம் அவர்களிடமிருந்து திரும்ப எனக்கு வரும். இரண்டாம் தடவை என்பதால் எனக்கு உடனே அரிக்கும். உடனே, "மறுபடியும் வாங்கிட்டு வந்துட்டான் பாரு!" நான் எங்கிருந்தும் வாங்கி வரவில்லை. ஒரே பாயில் எங்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

அதனால் மருத்துவர்கள் சொல்கிற விதி ரொம்ப எளிமையானது. அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரியில் களிம்பு பூச வேண்டும். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, நக இடுக்கு, தொப்புள் உட்பட. காலையில் குளிக்கலாம். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. உடுத்திய துணி, விரிப்பு எல்லாம் சுடுதண்ணீரில் துவைக்கலாம். முடியாததை மூன்று நாள் பையில் கட்டி வைத்தால் போதும், மெத்தையை எரிக்க வேண்டியதில்லை. பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிக்கும், பயந்து மறுபடி மறுபடி பூச வேண்டாம். கைக்குழந்தை, கர்ப்பிணி இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள். மாத்திரையையும் கடையில் சொந்தமாகக் கேட்டு வாங்காதீர்கள். மருந்து போட்ட மறுநாளே பிள்ளை பள்ளிக்கூடம் போகலாம். தனி பெஞ்ச் வேண்டியதில்லை.

இதையெல்லாம் படித்த வாரம் அம்மாவுக்கு போன் போட்டு, பெரிய ஆராய்ச்சியாளர் மாதிரி விளக்கினேன். "எனக்கு மட்டும் மருந்து போட்டீங்கள்ல, அதான்மா திரும்பத் திரும்ப வந்துச்சு" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"எனக்கும் இருந்துச்சுய்யா" என்றாள் அம்மா.

"எப்போ?"

"அப்பந்தான். வயித்துலயும் இடுப்புலயும். யார்ட்ட காட்ட? உங்க ஆச்சிட்ட சொன்னா, ஆத்தாக்காரியே இப்படின்னா பிள்ள எப்படி இருப்பான்னு சொல்லிருவாங்க. உனக்குப் பூசிட்டு பாட்டில்ல ஒட்டிக்கிடக்கறத வழிச்சு எனக்குக் கொஞ்சம் தேச்சிக்கிருவேன். பத்தாது."

நான் தனி பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்களில் அம்மா அடுப்படியில் யாருக்கும் தெரியாமல் சொறிந்துகொண்டிருந்திருக்கிறாள். ராத்திரி என்னைத் தட்டித் தூங்க வைத்தது அவள்தான். எங்கள் இருவருக்கும் நடுவில்தான் அது போய் வந்துகொண்டிருந்தது.

உங்கள் வீட்டில், தெருவில், வகுப்பில் ஒரு பிள்ளைக்கு விரல் இடுக்கில் அரிப்பு என்றால், மருந்துக்கடையில் ஒரு டியூப் வாங்கி நிறுத்திவிடாதீர்கள். எத்தனை பேர் ஒன்றாகப் படுக்கிறார்கள் என்று எண்ணுங்கள். முக்கியமாக, அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் தனியாக ஒரு வார்த்தை கேளுங்கள். தானாகச் சொல்ல மாட்டாள்.